வெயில் பொது, மானியம் பட்டாதாரருக்கு

பட்டா, சிட்டா, அடங்கல், நில வரைபடம், கிணறு இருப்பதற்கான சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல். சூரிய சக்தி பம்புசெட்டுக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று ஒரு சேரியில் நாங்கள் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். மானாவாரிப் பகுதி அது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பட்டியலை நாங்கள் முடிப்பதற்குள் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ஏந்தம்பி, இதெல்லாம் இருந்தா நாங்க ஏன் அடுத்தவன் காட்டுல களை வெட்டிக்கிட்டுக் கெடக்கோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் எங்களால் வேறு எதையும் பேச முடியவில்லை. விவசாயி தன் நிலத்திலேயே மின்சாரம் விளைவிக்கலாம், விளைந்ததை அரசுக்கு விற்கலாம், அதற்கு மானியமும் உண்டு என்று அரசுகள் சொல்லிவருகின்றன. நல்ல செய்திதான். ஆனால் அந்த 'விவசாயி' யார்? நாள் முழுதும் வெயிலில் நிற்கும் அந்த அம்மாவுக்கு அந்தப் பட்டியலில் இடம் எங்கே?

முதலில் அரசு என்ன தருகிறது என்று பார்ப்போம். ஒன்றிய அரசு 2019இல் 'பி.எம். குசும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில், தரிசு நிலத்திலும் விளைச்சல் இல்லாத நிலத்திலும் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு சூரிய மின் நிலையங்களை அமைக்கலாம். விவசாயிகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஊராட்சிகள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்கலாம். நிலம் துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. விளையும் மின்சாரத்தை மின் பகிர்மான நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளும். அப்படி வாங்குவதற்காக அந்த நிறுவனத்துக்கு யூனிட்டுக்கு 40 காசு வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. இரண்டாம் பிரிவு, மின் இணைப்பு இல்லாத இடங்களில் தனித்து இயங்கும் சூரிய பம்புசெட். விலையில் 30 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 30 விழுக்காட்டை மாநில அரசும் தரும். மீதி 40 விழுக்காடு விவசாயியின் பங்கு. மூன்றாம் பிரிவு, ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள பம்புசெட்டுகளைச் சூரிய சக்திக்கு மாற்றுவது. தமிழ்நாடு அரசும் முதலமைச்சரின் பெயரில் சூரிய பம்புசெட் திட்டம் நடத்துகிறது. பட்டியல் சாதி, பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியமும் அதில் உண்டு.

திட்டத்தைத் தீட்டியவர்கள் நம்மை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கூடுதல் மானியம் என்று ஒரு வரி எழுதத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வரியைப் பயன்படுத்த நிலம் வேண்டும், நிலத்தில் கிணறு வேண்டும், மீதித் தொகை கட்டக் கையில் பணம் வேண்டும். ஐந்து குதிரைத்திறன் சூரிய பம்புசெட்டின் விலை மூன்று லட்சத்துக்கு மேல். அறுபது விழுக்காடு மானியம் போனாலும் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியாக வேண்டும். முதல் பிரிவில் சேர வேண்டுமானால் இன்னும் தூரம் போக வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் நிலமும் ஏறத்தாழ நான்கு கோடி ரூபாயும் தேவைப்படும்.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உழைக்கும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுவோர் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. நாட்டு மக்களில் நாம் ஆறில் ஒருவர். பயிரிடும் நிலப்பரப்பில் நம் கையில் இருப்பதோ ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்குதான் என்று வேளாண் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில் மக்கள்தொகையில் நாம் ஐந்தில் ஒருவர். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், ஊர்க்காரர் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும், அதற்கு நடுவில் நம் ஆட்களின் நிலம் எத்தனை துண்டு என்பதையும் ஒரு நடை நடந்தாலே எண்ணிவிடலாம்.

இதே கதையை மின்சாரத்தில் நாம் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறோம். 1989-91 ஆட்சியில் கலைஞர் அரசு எல்லா விவசாயிகளின் பம்புசெட்டுகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கியது. அதற்கு முன்னால் மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் பல ஆண்டுகள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிரும் கொடுத்தார்கள். அந்த உரிமையை நாங்கள் குறை சொல்லவில்லை. இன்று மாநிலத்தில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அதே காலத்தில் குடிசைகளுக்கு அரசு கொடுத்தது என்ன? ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு. 40 வாட் குண்டு பல்பு. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் அப்படிப்பட்ட தொண்ணூறு விளக்குகள் எரியும். இரண்டுக்கும் பெயர் இலவச மின்சாரம்தான். நிலம் இருந்தவருக்கு மோட்டார் கிடைத்தது, நிலமற்றவருக்கு பல்பு கிடைத்தது. அரசு வேண்டுமென்றே சாதி பார்த்துப் பிரித்துக் கொடுத்தது என்று நாங்கள் சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக் கொடுத்தது. நம் நாட்டில் நிலத்தைப் பார்த்துக் கொடுத்தால் சாதியைப் பார்த்துக் கொடுத்ததாகத்தான் முடியும்.

காற்றாலையிலும் அதேதான். 1986இல் தூத்துக்குடி பக்கம் அரசு சோதனைக் காற்றாலைகளை நிறுத்தியது. அதன் பிறகு ஆரல்வாய்மொழி கணவாயிலும் முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கத்திலும் ஆயிரக்கணக்கில் முளைத்தன. அவற்றை முளைக்க வைத்தது 1990களில் ஒன்றிய அரசு கொடுத்த வரிச் சலுகை. காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கணக்குக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆகவே நூற்பாலைக்காரரும் சிமென்ட் ஆலைக்காரரும் காற்றாலை முதலாளி ஆனார்கள். வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு அந்தச் சலுகையில் என்ன இருக்கிறது?

அடுத்தது சூரிய மின்சாரம். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் திறக்கப்பட்டது. ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அன்று உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,500 ஏக்கர். யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக மாநில மின் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. அரசு ஆதரவு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்த வட்டாரத்து மானாவாரி நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் பெரும்பாலும் தரிசு. ஆனால் அங்கே வாழ்கிறவர்களுக்கு அது வெறும் காடு இல்லை. ஆடு மேய்கிற இடம் அது. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு நாலு காசு பார்க்கிற இடம். மழை பெய்த ஆண்டில் மிளகாயும் பருத்தியும் போட்டு, களை எடுக்கவும் பறிக்கவும் கூலிக்கு ஆள் கூப்பிடுகிற இடம். முள்வேலி போட்ட நாளிலிருந்து வேலிக்குள் போக வழி இல்லை.

நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தால் சரியாகிவிடுமா? கர்நாடகத்தைப் பாருங்கள். தும்கூர் மாவட்டம் பாவகடாவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா இருக்கிறது. விவசாயிகளிடமிருந்து நிலத்தை வாங்காமல் 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வு. வறட்சியால் நொந்துபோன பகுதிக்கு இது நல்ல தொகைதான். நில உரிமையாளர்களில் பலர் மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார்கள். நாடே அதை முன்மாதிரி என்று பாராட்டியது.

பாவகடா சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. அந்த அளவுக்கு நம் மக்கள் வாழும் பகுதி. அந்த நிலங்களில் கடலைக்குக் களை எடுத்தவர்களும் அறுத்தவர்களும் பெரும்பாலும் தலித் பெண்கள். குத்தகைத் தொகை நிலத்துக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போனது. அரசு நிலத்தைப் பல ஆண்டு உழுதும் பட்டா கிடைக்காதவருக்கும், கூலிக்குப் போனவருக்கும் அதில் பங்கு இல்லை. பூங்காவுக்குள் கிடைத்த வேலை புல் வெட்டுவது, தகடு கழுவுவது, காவல் காப்பது. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நிலத்துக்காரருக்கு மழை பொய்த்தாலும் பணம் வரும் என்ற நிம்மதி கிடைத்தது. கூலிக்காரருக்கு மழை பெய்தாலும் வேலை இல்லை என்ற நிலை வந்தது.

மகாராட்டிரத்தின் கதை இன்னும் கசப்பானது. மராத்வாடா பகுதியில் 'கைரான்' எனப்படும் மேய்ச்சல் புறம்போக்கு நிலங்களைத் தலித் மக்கள் பல தலைமுறைகளாக உழுதுவருகிறார்கள். அம்பேத்கருக்குப் பிறகு அவருடைய தோழர் தாதாசாகேப் கெய்க்வாட் 1959இலும் 1964-65இலும் நிலமற்றோருக்கு நிலம் கேட்டு மாபெரும் சத்தியாகிரகங்களை நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான், 1990 ஏப்ரல் 14க்கு முன் உழுதுவந்தவர்களின் பெயருக்கு அந்த நிலங்களை எழுதித்தர மாநில அரசு 1991இல் ஆணை போட்டது. ஆணை வந்தும் பட்டா கைக்கு வராதவர்கள் இன்னும் ஏராளம். இப்போது அதே மாநிலம் வேளாண் மின்பாதைகளுக்குச் சூரிய மின்சாரம் தரும் திட்டத்தை நடத்துகிறது. தனியார் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் தருகிறது. அதே திட்டத்துக்குக் கைரான் நிலத்தையும் எடுத்துக்கொள்கிறது. பட்டா இருக்கிறவரிடம் அரசு வாடகை பேசுகிறது. பட்டா இல்லாமல் உழுதவரிடம் 'ஆக்கிரமிப்பாளர், வெளியேறு' என்கிறது.

மகாராட்டிரத்து மக்களின் இந்த அச்சம் நமக்கு ஏன் உறைக்க வேண்டும் என்றால், நமக்கும் ஒரு நிலம் இருக்கிறது. அதன் பெயர் பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. இப்படி ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லாத யாருக்கும் கைமாற்றக் கூடாது. மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுக்கு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி கொடுத்தோம்.

இந்த நிலங்கள் பெரும்பாலும் எப்படிப்பட்டவை? நல்ல நஞ்சையையா நமக்குக் கொடுத்திருப்பார்கள்? பெரும்பாலும் மேட்டு நிலம், கல்லாங்காடு, தண்ணீர் ஏறாத புஞ்சை. பதிவேட்டில் தரிசு. ஒரு நூற்றாண்டாக எதற்கும் உதவாது என்று கருதப்பட்ட அந்த மேட்டு நிலம்தான் இன்று சூரியத் தகடு பதிக்கத் தோதானது. நிழல் இல்லை, தண்ணீர் தேங்காது, விலையும் மலிவு. நிலத் தரகர்கள் முதலில் மோப்பம் பிடிப்பது இந்த மாதிரி நிலத்தைத்தான். கைமாறிப் போன பஞ்சமி நிலத்தை வைத்திருப்பவர் அதை ஒரு நிறுவனத்துக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதன் மேல் கோடிக்கணக்கில் முதலீடு ஏறிவிடும். வங்கிக் கடன் ஏறிவிடும். மின்வாரிய ஒப்பந்தமும் ஏறிவிடும். பிறகு நிலத்தை மீட்கப் போகும் நம்மை, வளர்ச்சிக்கும் பசுமை மின்சாரத்துக்கும் எதிரிகள் என்பார்கள். 25 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அதற்குள் சாட்சி சொல்லும் கிழவர்களும் போய்விடுவார்கள்.

அப்படியானால் சூரிய மின்சாரமே வேண்டாம் என்கிறோமா? கிடையாது. வட சென்னை அனல்மின் நிலையங்களின் சாம்பல் எண்ணூரில் யார் வீட்டுக் கூரையில் படிகிறது என்று நமக்குத் தெரியும். வெப்பம் ஏற ஏற முதலில் சுருண்டு விழுகிறவர் வயலிலும் செங்கல் சூளையிலும் சாலைத் தாரிலும் நிற்கிறவர்தான். நிலக்கரியை விட்டு வெளியே வர வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கும் குறைந்ததில்லை. நம் கேள்வி ஒன்றுதான். பொதுப் பணத்தில் நடக்கும் இந்த மாற்றத்தில் நாம் உரிமையாளரா, தகடு கழுவும் கூலியா?

இந்தக் கேள்விக்கு அண்ணல் அம்பேத்கர் அன்றே விடை எழுதிவைத்திருக்கிறார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. தொழில் வளர வேண்டுமானால், விவசாயத்தில் அடைந்து கிடக்கும் மக்கள் அதிலிருந்து வெளியே வர வேண்டுமானால், மலிவான மின்சாரம் வேண்டும், அது பொது உடைமையாக இருக்க வேண்டும் என்று வாதாடினார். 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் விவசாய நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி மத வேறுபாடின்றிக் கிராம மக்களுக்குக் கூட்டுப் பண்ணைகளாகக் கொடுக்க வேண்டும் என்றார். நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இல்லாத ஊர் அவர் கேட்டது. மின்சாரத்தையும் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து யோசித்தவர் அவர். அவர் பேரப் பிள்ளைகளாகிய நாம் மானியத்தில் 10 விழுக்காடு கூடக் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது.

கூட்டுடைமை எல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியைப் பார்க்கட்டும். 2006இல் அந்த ஊராட்சி ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம், மீதி வங்கிக் கடன். கிடைத்த மின்சாரத்தில் ஊரின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். சாதாரண ஊராட்சி ஒன்று வங்கிக்குப் போய்க் கடன் வாங்கி, மின்சாரம் செய்து, கடனையும் கட்ட முடிந்தது.

ஆனால் இதில் நமக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஊராட்சியிடம் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் கொடுத்ததாகிவிடும் என்று நகரத்து நண்பர்கள் நினைக்கிறார்கள். ஊராட்சி என்றால் நமக்கு மேலவளவு நினைவுக்கு வரும். தனி ஊராட்சியில் தலைவரானார் என்பதற்காக 1997இல் முருகேசனையும் அவருடன் ஆறு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித் தலைவரை வரவிடாமல் 2006 வரை தேர்தலையே முடக்கி வைத்தார்கள். இன்றும் பல ஊராட்சிகளில் தலித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாத செய்தி வருகிறது. ஆகவே மின் நிலையம் ஊராட்சியின் பெயரில் இருப்பது மட்டும் போதாது. நிலமற்ற தலித் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே அது இருக்க வேண்டும்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு மெகாவாட் நிலையம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கர் நிலம் அரசு தரிசிலிருந்தோ மீட்ட பஞ்சமி நிலத்திலிருந்தோ கிடைக்கிறது. செலவு நான்கு கோடி. அதில் 1.2 கோடியைப் பங்குத் தொகையாக அரசு தருகிறது. மீதி 2.8 கோடி வங்கிக் கடன், 9 விழுக்காடு வட்டி, 15 ஆண்டுத் தவணை. ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் விளையும். யூனிட் 3 ரூபாய் என்றால் வரவு 48 லட்சம். தவணைக்கு ஏறத்தாழ 35 லட்சம், பராமரிப்புக்கு 5 லட்சம் போனால் 8 லட்சம் மிஞ்சும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 16,000 ரூபாய். பெரிய பணம் இல்லைதான். ஆனால் கடன் முடிந்த பதினாறாம் ஆண்டிலிருந்து 43 லட்சம் மிஞ்சும். குடும்பத்துக்கு 86,000 ரூபாய், மேலும் பத்து ஆண்டுகளுக்கு. இது யாருடைய காட்டிலும் களை வெட்டாமல் வரும் பணம். 'நாளைக்கு வேலைக்கு வராதே' என்று யாரும் மிரட்ட முடியாத பணம். தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்கும் பண்ணையாருக்குப் பயப்பட வேண்டாத பணம். கூலியை நம்பி வாழும் சேரிக்கு இதன் மதிப்பு ரூபாயில் மட்டும் அடங்காது.

அந்த 1.2 கோடிக்கு அரசு எங்கே போகும்? வழி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான நிதி அவர்களுக்கே செலவாக வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு 2024இல் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமே இயற்றியிருக்கிறது. தாட்கோ இருக்கிறது. நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு, 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் 'நன்னிலம்' திட்டம் இருக்கிறது. இவையெல்லாம் இன்று தனித்தனியாக, ஒருவருக்கு ஒரு துண்டு என்று ஓடுகின்றன. இவற்றைச் சூரிய மின் திட்டத்தோடு இணைத்து, தனி நபருக்குப் பதில் கூட்டுறவுக்குக் கொடுத்தால் கதை மாறும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று, எந்த ஊரிலும் சூரிய, காற்று மின் நிலையத்துக்கு நிலம் ஒதுக்கவோ குத்தகைக்கு அனுமதிக்கவோ முன்பு, அந்த நிலத்தின் பழைய பதிவேடுகளைச் சரிபார்த்து, அது பஞ்சமி நிலமா, நிபந்தனைப் பட்டாவா, மேய்ச்சல் நிலமா என்று கிராம சபையில் வாசித்துக் காட்ட வேண்டும். பஞ்சமி நிலத்தில் பிறருக்குக் குத்தகை கூடவே கூடாது.

இரண்டு, அரசு தரிசிலும் மீட்கப்பட்ட பஞ்சமி நிலத்திலும் மின் நிலையம் அமைக்கும் முதல் உரிமை நிலமற்ற தலித், பழங்குடிப் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேண்டும். வேறு யாருக்கும் கொடுப்பது அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான்.

மூன்று, அந்தச் சங்கங்களின் பங்குத் தொகையைச் செயல்திட்ட நிதியிலிருந்து அரசு கட்ட வேண்டும். வங்கிக் கடனுக்கு அரசே ஜாமீன் நிற்க வேண்டும். அவர்கள் மின்சாரத்துக்குத் தனி ஒதுக்கீடும் நியாயமான விலையும் வேண்டும்.

நான்கு, விளைநிலம் மின் நிலையமாக மாறும் இடங்களில், அந்த நிலத்தை நம்பி வாழ்ந்த கூலித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து, குத்தகைத் தொகையில் ஒரு பங்கை அவர்களுக்கு ஆண்டுதோறும் தர வேண்டும். தகடுகளைப் பந்தல் உயரத்துக்குத் தூக்கி வைத்து அடியில் பயிர் செய்யும் முறைக்குக் கூடுதல் ஊக்கம் தந்தால் வேலையும் முழுதாகப் போகாது.

ஐந்து, நிலையத்தை இயக்கும் தொழில்நுட்ப வேலைகளுக்கு அந்தந்த வட்டாரத்து ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். புல் வெட்டும் ஒப்பந்த வேலையைக் காட்டி வேலைவாய்ப்பு என்று சொல்லக் கூடாது.

குசும் திட்டத்தை 2026 மார்ச் வரை நீட்டித்தார்கள். முதல் பிரிவில் வைத்த 10,000 மெகாவாட் இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியிருக்கிறது. விவசாயிக்கு ஆர்வம் இல்லை, வங்கி கடன் தருவதில்லை என்று காரணம் சொல்கிறார்கள். ஆர்வம் உள்ளவர்கள் சேரியில் காத்திருக்கிறார்கள், அவர்களிடம் கேட்கத்தான் ஆளில்லை. இனி இத்திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும், பயனாளி என்ற சொல்லுக்கு 'பட்டாதாரர்' என்று மட்டும் பொருள் எழுதுவதை நாம் அனுமதிக்கக் கூடாது.

தோழர்களே, அரசு எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இன்றைய பதிவேட்டில் பஞ்சமி என்று எழுதியிருக்காது என்றால் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேளுங்கள். துணைமின் நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் தரிசு எவ்வளவு, அதில் நம்முடையது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தத் தாளோடு எழுந்து நில்லுங்கள். தரகர் வருவதற்கு முன் அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அடுத்த முறை அந்தச் சேரிக்குப் போகும்போது மானியப் படிவத்தை எடுத்துப் போகப் போவதில்லை. அந்த ஊரின் பதிவேட்டு நகலையும் கூட்டுறவுச் சங்கம் பதியும் விண்ணப்பத்தையும் எடுத்துப் போகிறோம்.

ஜெய் பீம்.